காற்புள்ளிக்குள் அடங்காத பெயர்கள்

தரவுத்தளத்தில் கண்ட கட்டுரையின் விவரங்களை ஒரு பொத்தானை அழுத்தி எண்ட்நோட்டுக்கோ ஜோட்டிரோவுக்கோ மாற்றிக்கொள்வது இன்று ஆய்வு மாணவர்களுக்குச் சில நொடி வேலை. அந்த மாற்றத்தில் கட்டுரைத் தலைப்பும் ஆண்டும் பெரும்பாலும் சேதமின்றி வந்து சேர்கின்றன. சேதமடைவது ஆசிரியர் பெயர், அதிலும் குறிப்பாகத் தென்னிந்தியப் பெயர். இதற்குக் காரணம் தட்டச்சுப் பிழையன்று. பதிவு வடிவங்களின் வரலாறு.

இச்சிக்கலை நூலகர்கள் நெடுநாள் முன்பே அறிந்திருந்தனர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1934இல் வெளியிட்டுப் பின்னர் திருத்தி விரித்த பட்டியலாக்க விதித்தொகுப்பில் இந்தியப் பெயர்களுக்குத் தனி விதிகள் உண்டு. ஐயர், நாயர் போன்ற சொல்லில் முடியும் தென்னிந்தியப் பெயரில் அச்சொல்லை மட்டும் குடும்பப்பெயராகப் பிரித்தெடுக்காமல், முன்னுள்ள இயற்பெயரோடு சேர்த்தே பதிவுசெய்வது அவ்விதிகளுள் ஒன்று.

1960களில் அமெரிக்க நூலகக் காங்கிரஸில் ஹென்றியட் ஆவ்ரம் தலைமையில் மார்க் வடிவம் உருவானது. அதில் ஆசிரியர் பெயருக்கு முன் ஓர் இலக்கம் நிற்கும். 0 என்றால் இயற்பெயர் முதலில் வருகிறது. 1 என்றால் குடும்பப்பெயர். பட்டியலாளர்கள் அவ்வசதியைத் தமிழ்ப் பெயர்களுக்கு எப்போதும் பயன்படுத்தினர் என்பதல்ல. பயன்படுத்த இடமாவது இருந்தது.

1980களில் தனிக்கணினிக்காக ரெஃபரன்ஸ் மேனேஜர் மென்பொருள் வந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் ஆர்ஐஎஸ் வடிவமே இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்கள் ஏற்றுமதிக்குத் தருவது. இரண்டெழுத்துக் குறி, ஒரு கோடு, பின்னர் செய்தி என்னும் எளிமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். அவ்வெளிமையில் மார்க்கின் இலக்கம் உதிர்ந்தது. காற்புள்ளிக்கு முன் குடும்பப்பெயர், பின் இயற்பெயர்; அவ்வளவுதான். 1985இல் வந்த பிப்டெக்ஸோ, காற்புள்ளி இல்லாவிடில் இறுதிச் சொல்லையே குடும்பப்பெயராகக் கொள்ளும். ‘சந்திரசேகர் எஸ்.’ என்று தென்னிந்திய வழக்கப்படி எழுதினால், நோபல் பரிசு பெற்ற அந்த இயற்பியலாளருக்கு ‘எஸ்.’ என்பதே குடும்பப்பெயராகிவிடும்.

இதைவிட ஆழமான சிக்கல் சுருக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலேயரின் பெயரில் முன்னெழுத்து அவருடைய சொந்தப் பெயரையே சுருக்குகிறது. தமிழரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைச் சுருக்குகிறது. கடவுச்சீட்டில் உள்ளவாறு தந்தை பெயரை இறுதியில் எழுதிய ஆய்வாளரின் பதிவை மென்பொருள் ஏற்றால், துணைநூற்பட்டியலில் தந்தை முழுப்பெயருடன் நிற்பார். கட்டுரையை எழுதியவர் ஓரெழுத்தாகச் சுருங்குவார். இதழுக்கு இதழ் இம்முறை மாறும்போது ஒருவரின் கட்டுரைகள் இருவேறு ஆசிரியர்களிடம் சிதறுகின்றன. மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு பணியும் பதவி உயர்வும் தீர்மானிக்கப்படும் காலத்தில் இது அற்ப இழப்பன்று. மெட்லைன் தரவுத்தளம் முழுப்பெயர்களைச் சேர்க்கத் தொடங்கியதே 2002இல்தான். அதற்கு முந்திய பதிவுகளில் எழுத்துகள் மட்டுமே உள்ளன. அவற்றிலிருந்து எது யாருடைய பெயர் என்று எந்த மென்பொருளும் மீட்டெடுக்க இயலாது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஜோட்டிரோவில் பெயரை ஒரே புலமாக மாற்றிக்கொள்ளலாம். பிப்டெக்ஸில் முழுப்பெயரையும் நெளிவு அடைப்புக்குள் இடலாம். எண்ட்நோட்டில் முழுப்பெயரை எழுதி இறுதியில் ஒரு காற்புள்ளி இட வேண்டும். நிறுவனங்களின் பெயர் உடையாமலிருக்க வகுக்கப்பட்ட உபாயம் அது. குடும்பப்பெயர் இல்லாத மனிதர்களும் அதைத்தான் நாட வேண்டியிருக்கிறது.