ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா தீப்பொறி பறந்த காலம்

போனில் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்க. ஆச்சு, ஸ்க்ரீன்ஷாட். இதே வேலையை 1982-ல் இங்கிலாந்தில், வீட்டில் கம்ப்யூட்டர் வெச்சிருந்த ஒருத்தர் எப்படிச் செய்திருப்பார்? அதுதான் இன்னைக்குக் கதை.

கம்ப்யூட்டரின் பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். கிளைவ் சின்க்ளேரின் கேம்பிரிட்ஜ் கம்பெனி 1982 ஏப்ரலில் வெளியிட்டது. 16கே மாடல் 125 பவுண்டு, 48கே மாடல் 175 பவுண்டு. வீட்டு டிவிதான் மானிட்டர். ஹார்ட் டிஸ்க் கிடையாது. பிளக்கைப் பிடுங்கினால் மெமரியில் இருந்த எல்லாம் காலி, நீங்க மணிக்கணக்கா வரைஞ்ச படமும் சேர்த்து.

கேசட்டில் சேமிக்கலாம். ஒரு முழுத் திரை 6,912 பைட். ஏறக்குறைய முக்கால் நிமிஷம் டேப் ஓடணும். ஆனா அதைத் திரும்பப் பார்க்க மறுபடியும் ஒரு ஸ்பெக்ட்ரம் வேணும். சுவரில் ஒட்டணும், பத்திரிகைக்கு அனுப்பணும் என்றால் பேப்பர்தான் வழி.

அதுக்கு இருந்ததுதான் இசட்எக்ஸ் பிரின்டர். முந்தைய மாடலான இசட்எக்ஸ்81-க்காக 1981-ல் 49.95 பவுண்டுக்கு வந்தது. மை இல்லை, ரிப்பன் இல்லை. 4 அங்குல அகலத்தில் ஒரு பேப்பர் சுருள். கறுப்புத் தாள், அதன் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு. உள்ளே ஓடும் பெல்ட்டில் இரண்டு ஊசிகள். ஊசி தாளை உரசிக்கொண்டே நகரும்போது, புள்ளி வேண்டிய இடத்தில் மட்டும் மின்சாரம் பாயும். ஒரு சின்ன தீப்பொறி! அந்த இடத்தில் அலுமினியம் எரிந்துபோய் அடியில் இருக்கும் கறுப்பு தெரியும். வெள்ளிப் பேப்பரில் கறுப்புப் படம், கூடவே கருகின வாசனை.

கட்டளை ஒரே வார்த்தை: 'காப்பி'. அதையும் டைப் பண்ண வேண்டாம், இசட் கீயை அழுத்தினால் முழு வார்த்தையும் வந்துவிடும். பிறகு என்டர். திரையின் அகலம் 256 புள்ளி, பிரின்டரின் அகலமும் 256 புள்ளி. கச்சிதமா பொருந்தும்.

ஆனா அந்தப் பேப்பரில் திரை முழுசா வந்ததா? இல்லை.

முதல் விஷயம், திரையில் 24 வரி. 'காப்பி' அச்சடிப்பது மேலே உள்ள 22 வரியை மட்டும். கடைசி 2 வரி கட்டளை டைப் செய்யும் இடம் என்று அதை விட்டுவிடும். படம் அதுவரைக்கும் நீண்டிருந்தால் கால் இல்லாமல்தான் வரும்.

ரெண்டாவது, வண்ணம். ஸ்பெக்ட்ரம் மெமரியில் புள்ளிகளுக்கு 6,144 பைட், வண்ணங்களுக்குத் தனியா 768 பைட். 'காப்பி' அந்த 768-ஐத் திரும்பியே பார்க்காது. பின்னணி வண்ணத்தை மட்டும் மாற்றி, பிரான்ஸ் கொடி மாதிரி மூணு பட்டை போட்டிருக்கீங்கன்னு வைங்க. டிவியில் பளிச்சென்று இருக்கும். பேப்பரில் ஒண்ணுமே இருக்காது!

மூணாவது, கேம். 'காப்பி' என்பது பேசிக் மொழியின் கட்டளை. மெஷின் கோடில் கேம் ஓடும்போது அதைக் கொடுக்கவே முடியாது. ரீசெட் பண்ணினால் திரையே போயிடும். அதனால் ஹை ஸ்கோருக்குச் சாட்சி வேணும் என்றால் கேமராவை எடுத்து டிவியைப் போட்டோ பிடித்தார்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் எப்சன் மாதிரி டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குப் போனார்கள். அங்கே வேற சிக்கல். ஸ்பெக்ட்ரமில் ஒரு பைட் என்றால் பக்கத்து பக்கத்தில் 8 புள்ளி. எப்சனுக்கு ஒரு பைட் என்றால் மேலிருந்து கீழே 8 புள்ளி. அப்படியே அனுப்பினால் படம் சிதறிப்போகும். ஒவ்வொரு 8க்கு 8 கட்டத்தையும் புரட்டிப் போட்டுத்தான் அனுப்பணும். இன்னைக்கு இன்டர்வியூவில் 'மேட்ரிக்ஸைத் திருப்பு' என்று கேட்கிறாங்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. அதுக்கான சின்ன புரோகிராம்களைப் பத்திரிகைகள் அச்சிட்டன, வாசகர்கள் வீட்டில் வரிவரியா டைப் செய்தார்கள். சிலர் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு புள்ளி வடிவம் கொடுத்தார்கள். நீலத்துக்கு அடர்த்தியா, மஞ்சளுக்கு லேசா. அந்தக் கொடி கடைசியா பேப்பரில் தெரிய ஆரம்பித்தது.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்றேன்? பழைய பிரின்ட் ஒண்ணு கையில் கிடைத்தால், "திரை இப்படித்தான் இருந்தது" என்று நம்பிவிடுவோம். அது திரையின் நகல் இல்லை. எதை எடுக்கணும், எதை விடணும் என்று புரோகிராம் எழுதின ஒருத்தர் எடுத்த முடிவு. வெறுமையா இருக்கிற பேப்பருக்குப் பின்னால் ஒரு வண்ணக் கொடி இருந்திருக்கலாம்.

ஒரு ஆறுதல். தெர்மல் பேப்பரில் வந்த கடை பில் கொஞ்ச நாளில் வெளுத்துப்போகும் இல்லையா? தீப்பொறி எரித்த புள்ளி அப்படி வெளுக்காது. அங்கே மங்குவதற்கு மையே இல்லை. கசக்காமல், கீறாமல் வைத்திருந்தால் போதும்.

உங்க வீட்டு அலமாரியில் பழைய பிரின்ட் அவுட் ஏதாவது இருக்கா? தூக்கிப் போடாதீங்க, ஸ்கேன் பண்ணி வைங்க. எந்த மெஷின், எந்தப் புரோகிராம் என்பதையும் பின்னால் ஒரு வரி எழுதிடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!