‘சித்திரை வீதி’ன்னா எந்தச் சித்திரை வீதி? 108-க்கு போன் பண்ணும் முன் திருச்சிக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

ராத்திரி 2 மணி. ஸ்ரீரங்கத்துல உங்க வீடு. பாட்டி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. வேர்த்துக் கொட்டுது. கை நடுங்க 108-ஐ அழுத்துறீங்க.

“எந்த இடம், சொல்லுங்க?”

“சித்திரை வீதி சார், சீக்கிரம் வாங்க!”

“எந்தச் சித்திரை வீதிங்க?”

உங்களுக்குக் கோபம்தான் வரும். ஆனா, அந்தக் கேள்வி நியாயமானது. ரங்கநாதர் கோயிலைச் சுற்றி கீழ, மேல, தெற்கு, வடக்கு என நாலு சித்திரை வீதிகள் இருக்கு. அதுக்கு உள்ளே நாலு உத்திர வீதி, வெளியே நாலு அடையவளஞ்சான் வீதி. திசையைச் சொல்லாம விட்டா, ஆம்புலன்ஸ் கோயிலுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கலாம். வீணாகும் ஒவ்வொரு நிமிஷமும் பாட்டியோட நிமிஷம்.

போனை எடுப்பவர் எங்கே இருக்கார்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. நீங்க திருச்சியில் இருந்து கூப்பிட்டாலும், அழைப்பு போய்ச் சேர்வது சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கு. அங்கே போனை எடுப்பவருக்கு நீங்க சொல்ற ‘அந்த டீக்கடை பக்கத்துச் சந்து’ தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. நீங்க சொல்ற தகவலை வெச்சு, பக்கத்தில் எந்த ஆம்புலன்ஸ் இருக்குன்னு ஜி.பி.எஸ் மூலம் பார்த்து அனுப்புவாங்க. வண்டியில் டிரைவரோடு, முதலுதவிப் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ நுட்புநர் ஒருத்தரும் வருவார். கட்டணம் கிடையாது.

கேள்வி மேல கேள்வி கேட்கிறாங்களேன்னு எரிச்சல் படாதீங்க. பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் லைனை கட் பண்ணவும் வேண்டாம். வண்டி வரும்வரை என்ன செய்யணும்னு போன்லயே சொல்லித் தருவாங்க. ஸ்பீக்கரில் போட்டுட்டா, கை ரெண்டும் ஃப்ரீ.

முதல் நிமிஷத்தில் என்ன சொல்லணும்?

* முதலில் இடம். ஊர், தெரு, திசை, கதவு எண், பக்கத்தில் இருக்கும் பெரிய அடையாளம். ‘ஸ்ரீரங்கம், கீழச் சித்திரை வீதி, வெள்ளைக் கோபுரம் பக்கம்’ என்பது நல்ல பதில். ‘கோயில் பக்கத்துல’ என்பது பதிலே இல்லை. லைன் கட் ஆனாலும் இடம் தெரிஞ்சிருந்தா வண்டி கிளம்பிடும்.
* அடுத்து, என்ன ஆச்சு, எத்தனை பேருக்கு.
* நினைவு இருக்கா, மூச்சு இருக்கா.
* கடைசியா, திரும்பக் கூப்பிட வேண்டிய நம்பர். அதுக்கப்புறம் அந்த போனில் சொந்தக்காரங்களோட பேசிக்கிட்டே இருக்காதீங்க. டிரைவர் வழி கேட்டுக் கூப்பிடுவார்.

மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிச் சந்துகளில் வேன் நுழைவதே கஷ்டம். இந்த மாதிரி நெரிசலுக்காகத்தான் 2016-ல் தமிழ்நாட்டில் பைக் ஆம்புலன்ஸ்கள் வந்தன. உங்க வீடு சந்துக்குள்ள இருந்தா, ஒருத்தரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வைங்க. கையில் டார்ச் இருக்கட்டும்.

எதுக்கு எந்த நம்பர்?

112: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் பொதுவான நம்பர். எதுவும் ஞாபகம் வரலைன்னா இது ஒண்ணு போதும். ‘112 இந்தியா’ ஆப்பில் இருந்து அழைத்தா நீங்க இருக்கும் இடமும் சேர்ந்தே போகும். போனின் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினாலும் அவசர அழைப்பு போகும். மூன்று தடவையா, ஐந்து தடவையா என்பது மாடலைப் பொறுத்தது. செட்டிங்ஸ்ல இப்பவே பார்த்து வெச்சுக்குங்க. தெரியாம அழைப்பு போயிட்டா பயந்து கட் பண்ணாதீங்க. ‘தப்பா வந்துடுச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

101: தீ மட்டுமல்ல, மீட்புப் பணியும் இவங்கதான். அம்மா மண்டபம் படித்துறையில் யாராவது தண்ணியில் சிக்கினாலும் கூப்பிடலாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த தீ விபத்தில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதை ஊர் இன்னும் மறக்கலை. தீயில் முதல் வேலை வெளியே வருவது. போன் அதுக்கப்புறம்தான்.

1077: கலெக்டர் ஆபீஸ் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையின் ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணி ஏறும் நாள்களில் இந்த நம்பர் கையில் இருக்கணும்.

1033: நெடுஞ்சாலையில் விபத்து, வண்டி பழுது. கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைச் சொன்னா இடம் கண்டுபிடிப்பது சுலபம்.

இதோட 181 (பெண்கள்), 1098 (குழந்தைகள்), 14416 (மனநல ஆலோசனை) மூணையும் சேவ் பண்ணிடுங்க.

‘நாம போன் பண்ணா நம்மளையே மாட்டிவிடுவாங்களோ?’

ரோட்டில் அடிபட்டவரைப் பார்த்துட்டு நிறைய பேர் ஒதுங்கிப் போக இந்தப் பயம்தான் காரணம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்ல எண்ணத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருது. விருப்பம் இல்லைன்னா உங்க பேர், விவரம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பணம் யார் கட்டுவாங்கன்ற கவலையும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சைச் செலவை, நிர்ணயித்த வரம்பு வரை அரசே ஏற்குது. அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு.

பாட்டி தனியா இருந்தா?

வேலைக்காக நீங்க பெங்களூருல இருக்கலாம். பாட்டி உங்களுக்கு போன் பண்ணி ‘ஒரு மாதிரியா இருக்குடா’ன்னு சொல்றாங்க. பதறிப்போய் அங்கிருந்து 108 அடிச்சா, அது கர்நாடகாவின் மையத்துக்குத்தான் போகும், தமிழ்நாட்டுக்கு வராது. அதனால, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரோட நம்பர் உங்க போனில் இருக்கணும். அவங்க அங்கிருந்தே 108-க்குக் கூப்பிடுவாங்க, கதவையும் திறந்துவிடுவாங்க.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு பேப்பரில் முகவரி, திசை, அடையாளம், பாட்டி சாப்பிடும் மாத்திரைகளின் பேர், 108 எல்லாத்தையும் கொட்டை எழுத்தில் எழுதி போன் பக்கத்துச் சுவத்துல ஒட்டுங்க. ஒட்டிட்டு, பாட்டியை ஒரு தடவை சத்தமா படிக்கச் சொல்லிக் கேளுங்க. பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும். சுவத்துல இருந்தா மறக்காது.