முனைகளுக்கு வெளியே மட்டும்: சமானச் சுற்றின் எல்லை குறித்து

மின்சுற்றுப் பாடத்தில் தேவெனின் தேற்றம் பெரும்பாலும் கணக்கைச் சுருக்கும் உத்தியாகவே கற்பிக்கப்படுகிறது. பளுவைக் கழற்ற வேண்டும். முனைகளுக்கிடையிலான மின்னழுத்தத்தைக் காண வேண்டும். மின்னழுத்த மூலங்களைக் குறுக்குச் சுற்றாக்கி, மின்னோட்ட மூலங்களைத் திறந்துவிட்டு, மிஞ்சும் மின்தடையைக் கணக்கிட வேண்டும். அந்த மின்னழுத்த மூலமும் அதனுடன் தொடரில் அந்த மின்தடையும் சேர்ந்ததே சமானச் சுற்று. இந்தப் படிகளை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் தேறிவிடுவார். ஆனால் சுருக்கும்போது எது கைவிட்டுப் போகிறது என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. சமானச் சுற்று இரு முனைகளுக்கு வெளியே நடப்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது, உள்ளே நடப்பதற்குப் பொறுப்பேற்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரலாறும் இதற்கு இடம் கொடுக்கிறது. சமானச் சுற்று என்ற கருத்தை 1853இல் முதலில் வெளியிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அவர் ஆராய்ந்தது விலங்குத் தசைகளில் தோன்றும் மின்சாரத்தை. தசைக்குள் எங்கே எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்று பார்க்க வழியில்லை. அதன் மேல் வைத்த இரு முனைகளில் கிடைப்பதை மட்டுமே அளக்க முடியும். முப்பது ஆண்டுகள் கழித்து, 1883இல், பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் லெயோன் தேவெனின் இதே முடிவைத் தனியாகக் கண்டடைந்தார். 1926இல் சீமென்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் மேயரும், அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் எட்வர்ட் நார்ட்டனும் மின்னோட்ட மூலத்தைக் கொண்ட இணை வடிவத்தைத் தந்தனர். தசையானாலும் தந்திக் கம்பியானாலும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே புகாமல், முனையில் நின்றபடி எவ்வளவு சொல்ல முடியும்?

எளிய எடுத்துக்காட்டு ஒன்று. 12 வோல்ட் மின்கலத்துடன் 6 கிலோ ஓம், 3 கிலோ ஓம் மின்தடைகள் தொடரில் உள்ளன. 3 கிலோ ஓமின் இரு முனைகளிலிருந்து பளுவுக்கு மின்சாரம் எடுக்கிறோம். தேவெனின் வடிவத்தில் இது 4 வோல்ட் மூலமும் அதனுடன் தொடரில் 2 கிலோ ஓமும். நார்ட்டன் வடிவத்தில் 2 மில்லி ஆம்பியர் மூலமும் அதற்குப் பக்க இணைப்பில் 2 கிலோ ஓமும். எந்தப் பளுவை மாட்டினாலும் மூன்று சுற்றுகளும் ஒரே விடையைத் தரும்.

பளுவைக் கழற்றிவிட்டு, உள்ளே வெப்பமாகும் திறனைப் பார்த்தால் கதை மாறுகிறது. அசல் சுற்றில் 16 மில்லி வாட் வீணாகிறது. தேவெனின் சுற்றில் மின்னோட்டமே இல்லை, எனவே இழப்பு சுழியம். நார்ட்டன் சுற்றிலோ 8 மில்லி வாட். முனையில் ஒன்றாய் நிற்கும் மூன்றும் உள்ளே மூன்று விதம்.

பெருமத் திறன் மாற்றத் தேற்றத்தைக் கற்பிக்கும் இடத்தில் இந்த வேறுபாடு குழப்பத்தை விளைவிக்கிறது. பளுவும் 2 கிலோ ஓம் ஆனால் அதற்கு அதிகபட்சமாக 2 மில்லி வாட் கிடைக்கும். தேவெனின் மூலம் தருவது 4 மில்லி வாட். எனவே பயனுறுதிறன் 50 சதவீதம் என்று மாணவர் எழுதிவிடுகிறார். அசல் மின்கலம் அப்போது தருவது 20 மில்லி வாட். உண்மைப் பயனுறுதிறன் 10 சதவீதம்தான். கணக்குப் போட்டதில் பிழையில்லை. சமானச் சுற்றிடம் அது சொல்லக்கூடாததைக் கேட்டதே பிழை.

எல்லையை மதித்துப் பயன்படுத்தினால் அதே சுற்று நன்றாகக் கைகொடுக்கிறது. மேற்கண்ட மின்தடைகளை 600, 300 கிலோ ஓம் என்று உயர்த்துவோம். மின்னழுத்தம் அதே 4 வோல்ட்; சமான மின்தடை மட்டும் 200 கிலோ ஓம். வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்ட முள் மல்டிமீட்டரை 10 வோல்ட் அளவில் வைத்தால் அதன் மின்தடையும் 200 கிலோ ஓம். முள் 2 வோல்ட்டில் நிற்கும். 10 மெகா ஓம் டிஜிட்டல் மீட்டரோ ஏறக்குறைய 3.92 வோல்ட் காட்டும். மீட்டர் பழுது என்று ஒதுக்குமுன் சமான மின்தடையைக் கணக்கிட்டவருக்குக் காரணம் உடனே தெரிந்துவிடும்.

துணை மின் நிலையத்திலும் இதே முறைதான். 11 கிலோ வோல்ட் பஸ்பாரில் பழுதுத் திறன் 250 எம்விஏ என்றால், அதற்குப் பின்னாலுள்ள மின்வலையமைப்பு முழுவதையும் ஒரு மூலம், 0.484 ஓம் மின்மறுப்பு என்று சுருக்கிவிடலாம். மூன்று கட்டங்களும் ஒருசேரக் குறுக்குச் சுற்றானால் சுமார் 13.1 கிலோ ஆம்பியர் பாயும். சர்க்யூட் பிரேக்கரைத் தேர்ந்தெடுக்க இந்த எண் போதும். தொலைவிலுள்ள எந்த மின்தொடர் அப்போது அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதற்கு முழு வலையமைப்பையும் ஆராய்ந்தாக வேண்டும்.

சுருக்கப்படும் பகுதி நேரியல்பு உடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் எல்லையைச் சார்ந்ததே. டயோடு உள்ளே இருந்தால் தேற்றம் பொதுவாகச் செல்லாது. வெளியே பளுவாக இருந்தால் தடையில்லை. முதல் சுற்றில் சிலிக்கான் டயோடை நேர்ச்சார்பில் மாட்டினால், அதன் மேல் சுமார் 0.7 வோல்ட் நிற்க, ஏறக்குறைய 1.65 மில்லி ஆம்பியர் பாயும்.

கணக்கு எளிதாவதே போதுமான பயன் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் ஒரே ஒரு பளுவுக்கு நேரடியாகக் கணக்கிட்டாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். பளு மாறிக்கொண்டே இருக்கும்போதுதான் சமானச் சுற்றின் லாபம் தெரிகிறது. ஆகவே பாடம் முனைகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம். தேர்வு வினாவும் பளு மின்னோட்டத்தோடு நின்றுவிடாமல், அசல் சுற்றின் இழப்பையும் சமானச் சுற்றின் இழப்பையும் தனித்தனியே கணக்கிடச் சொல்லி, வேறுபாட்டுக்குக் காரணம் கேட்க வேண்டும்.