ஆயர் பேயீஸும் நிபந்தனை நிகழ்தகவும்

நிபந்தனை நிகழ்தகவுக் கணக்குகளில் இன்றும் வழங்கும் தேற்றத்துக்குரியவரான தாமஸ் பேயீஸ், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஊழியஞ்செய்த பிரஸ்பித்தேரிய ஆயர். 1761இல் அவர் மரித்தபின், அவரது கட்டுரையை 1763இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பியவர் ரிச்சர்டு பிரைஸ். அவரும் ஓர் ஆயரே.

ஒரு சோதனை, நோயுற்றோரில் பத்துக்கு ஒன்பது பேரையும், நோயற்றோரில் பத்துக்கு ஒருவரையும் நோயாளியெனக் காட்டுவதாகக் கொள்வோம். ஆயிரம் பேரில் நோயுற்றோர் 10 பேராயின், மெய்யாகச் சுட்டப்படுவோர் 9. பொய்யாகச் சுட்டப்படுவோர் 99. ஆகவே சுட்டப்பட்ட 108 பேரில் நோயாளிகள் ஒன்பதின்மரே. 'நோயிருந்தால் சோதனை காட்டுமா?' என்பது வேறு. 'சோதனை காட்டினால் நோயிருக்குமா?' என்பது வேறு.

அற்புதங்களுக்கு எதிராக 1748இல் ஹியூம் எழுப்பிய வாதத்துக்கு இக்கணக்கு துணைநிற்பதாகவே தோன்றும். நிகழ்வு மிக அரிதாயின் நல்ல சாட்சியும் போதாதல்லவா? 1767இல் பிரைஸ் மறுத்தார்: குறிப்பிட்ட லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுவது மிக அரிது; எனினும் செய்தித்தாள் கூறின் நம்புகிறோம். இவ்வுவமை முழுதும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஏதேனும் ஒரு சீட்டுக்குப் பரிசு விழுந்தே தீரும். மரித்தோர் எழுந்தே தீரவேண்டுமென்பதில்லை. ஆயினும், நிகழ்வு நடந்திராவிடில் இச்சாட்சி எழுந்திருக்குமா என்ற வினாவை ஹியூமும் தட்டிக்கழிக்க இயலாது. முந்தியதைச் சாராத இரண்டாம் சோதனையும் அவ்வாறே காட்டினால், பொய்யான 99 ஏறத்தாழ 10 ஆகச் சுருங்கும். மெய்யான 9 ஏறத்தாழ 8 ஆக நிற்கும். 'சாராத' என்னும் சொல்லே இங்கு முதன்மையானது. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைப் பயன்படுத்தினர் என ஏற்போர், அம்மூன்று நூல்களையும் மூன்று தனிச் சாட்சிகளாக எண்ணலாகாது.