ஹார்பரைத் திருத்திய மணல்

வாலாஜாபாத்காரனுக்கு ஹார்பரில் என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். டாலி கிளார்க் வேலை. கிரேன் சரக்கை இறக்க இறக்க சீட்டில் கோடு போட வேண்டும். நாலு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். ராத்திரி ஷிஃப்டில் கண் சொக்கி ஒரு கோடு தப்பினால், விடிந்ததும் கணக்கு இடிக்கும். இப்படியே முப்பது வருஷம் ஓடிற்று. மூட்டை எண்ணப் போன இடத்தில் நான் படித்துக்கொண்டு வந்தது மணலின் கதையை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாங்கியது திறந்து கிடந்த கடற்கரையை. இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் சலங்குப் படகில் கரை சேர்ந்தன. வெள்ளைக்காரர்கள் மசூலா படகு என்று எழுதிவைத்தது இதைத்தான். ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நாரைத் திணித்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அறைந்தால் ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர்கள் கம்பெனிக்கு நெய்த துணிக்கட்டுகளும் இப்படித்தான் அலை தாண்டின. நனைந்த கட்டுக்கு யார் பொறுப்பு என்ற சண்டை அன்றைக்கும் இருந்திருக்கும். எங்கள் காலம் வரை அது தீரவில்லை.

வேடிக்கை என்னவென்றால் ஹார்பருக்கு முன்பே ரயில் வந்துவிட்டது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போனது. அது எங்கள் ஊர்தான் என்று கேன்டீனில் பல வருஷம் பெருமை அடித்திருக்கிறேன். அது ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு என்று ஒருநாள் ஒரு ரயில்வேக்காரர் மானத்தை வாங்கிவிட்டார். இரண்டு ஊருக்கும் பெயர் வந்தது நவாப் முகமது அலி வாலாஜாவால். அதோடு சரி.

1861-ல் இரும்புத் தூண்களின் மேல் கடலுக்குள் ஒரு பாலம் நீட்டினார்கள். புயல்கள் அதை உருக்குலைத்தன. அப்புறம்தான் வில்லியம் பார்க்ஸ் என்ற என்ஜினீயர் ஹார்பருக்குத் திட்டம் போட்டார். கரையிலிருந்து இரண்டு கல் கரங்கள் கடலுக்குள் போய், ஒன்றை நோக்கி ஒன்று மடங்கும். நடுவில் கிழக்கே பார்த்து வாசல். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் கான்கிரீட் பாளங்களைச் சீட்டுக்கட்டு போலச் சரித்துவிட்டது. திரும்பக் கட்டி முடிக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

புயல் கண்ணுக்குத் தெரிந்த எதிரி. மணல் சத்தம் போடாது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையை ஒட்டி மணல் வடக்கே நகரும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஓடுகிற வாய்க்காலில் வரப்பு போட்டால் என்ன ஆகும்? தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை மதில் வரை வந்த கடல் விலகிப் போனது. கவர்னர் கிராண்ட் டஃப் உலாவுசாலை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்த கரை, இந்த மணலால்தான் இவ்வளவு அகலமானது.

வந்த மணல் கிழக்கு வாசலையும் மிரட்டியது. அந்த வாசலில் அலையும் நேராக உள்ளே புகுந்து கப்பல்களை ஆட்டிவைத்தது. 1904-ல் ஹார்பரின் தலைமைக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை அடைத்து, வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்து, அதற்கு மறைவாக ஒரு கரத்தையும் நீட்டினார். திட்டம் போட்டவரைவிட அதைத் திருத்தியவர்மீதுதான் எனக்கு மரியாதை. 1964-ல் ஜவஹர் டாக், 1983-ல் கன்டெய்னர் முனையம் என்று பிறகு வந்தவை பலவும் உண்டு. பெட்டி வந்ததும் எங்கள் கோடும் குறைந்தது.

பாலாற்றில் விளையாடி வளர்ந்தவன் நான். வயலூர் பக்கம் கடலில் சேர்ந்த எங்கள் ஆற்று மணலும் இப்படி வடக்கே நகர்ந்து மெரினாவில் கொஞ்சம் கிடக்கும் என்று நினைத்துக்கொள்வேன். இன்று ஆற்றிலேயே மணல் இல்லை, லாரிகள் அள்ளிவிட்டன.

தெற்கே தங்கிய மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. அதற்கான விலையை ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கொடுத்தன. என்னோடு வேலை பார்த்த காசிமேட்டுக்காரர் ஒருவர், டிபனை முடித்துக் கைகழுவியதும் வடக்கே பார்த்து, கருங்கல் சுவருக்கு அப்பால் தண்ணீரைக் காட்டுவார். அவர் பிறந்த வீடு அங்கேதான் இருந்ததாம்.