ரத்தக்குழாய் மீயொலிப் பரிசோதனை

ரத்தக்குழாய் மீயொலிப் பரிசோதனை என்பது, மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் கொண்ட ஒலியலைகளை உடலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு தமனி, சிரை ஆகியவற்றின் சுவரையும் அவற்றில் ஓடும் ரத்தத்தையும் ஆராயும் மருத்துவ முறை. மருத்துவமனைகளில் இது டாப்ளர் ஸ்கேன் என்ற பெயரில் வழங்குகிறது. இதில் கதிர்வீச்சு இல்லை. வழக்கமான பரிசோதனைக்கு ஊசியும் தேவையில்லை. நோயாளியின் படுக்கையருகிலேயே செய்துவிடலாம். குழாயின் வடிவத்தோடு, அதில் ரத்தம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதையும் சொல்வதே இதன் தனிச்சிறப்பு. 1950களில் அந்த ஓட்டம் முதலில் ஒலியாகக் கேட்கப்பட்டது. பின்னர் அது திரையில் காணப்பட்டது. அதன் பிறகே, சிகிச்சையைத் தீர்மானிக்கக்கூடிய எண்ணாக அது மாறியது.

இயற்பியல் அடிப்படை

ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842ஆம் ஆண்டு பிராகா நகரில், இரட்டை விண்மீன்களின் நிறம் குறித்த ஆய்வுரை ஒன்றை அளித்தார். அலையை வெளியிடும் பொருளோ, அதைப் பெறுபவரோ நகரும்போது அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என்பது அதன் மையக் கருத்து. 1845இல் டச்சு அறிவியலாளர் பாய்ஸ் பாலட், உட்ரெக்ட் அருகே ஓடும் ரயிலில் ஊதுகுழல் கலைஞர்களை ஏற்றி, ஒலிக்கும் இவ்விதி பொருந்துவதை மெய்ப்பித்தார். 1880இல் பியர் கியூரியும் ழாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். மின்துடிப்பை ஒலியாகவும் ஒலியை மீண்டும் மின்துடிப்பாகவும் மாற்றும் இன்றைய புரோப் இந்தப் பண்பை வைத்தே இயங்குகிறது.

உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். ரத்தச் சிவப்பணுவின் விட்டமோ அதைவிடப் பன்மடங்கு சிறியது. எனவே சிவப்பணுக்கள் ஒலியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புவதில்லை. எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. சாதாரண மீயொலிப் படத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். எதிரொலி மங்கலாக இருந்தாலும், நகரும் சிவப்பணுக்களிலிருந்து வருவதால் அதன் அதிர்வெண் மாறியிருக்கும். 5 மெகாஹெர்ட்ஸ் அலையை 60 பாகைக் கோணத்தில் செலுத்தி, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் ரத்தத்தை ஆராய்ந்தால், அதிர்வெண் மாற்றம் ஏறத்தாழ 3,250 ஹெர்ட்ஸ். இது மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் அடங்குகிறது. ஆகவே தொடக்ககாலக் கருவிகளுக்குத் திரை தேவைப்படவில்லை. ஒலிபெருக்கியே போதுமானதாக இருந்தது.

அளவீட்டில் கோணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஒலிக்கற்றை ரத்த ஓட்டத்துக்குச் செங்குத்தாக அமைந்தால் டாப்ளர் மாற்றம் மறைந்துவிடும். 60 பாகைக்கு மேல் போனால், கோணத்தைக் குறிப்பதில் நேரும் சிறு பிழையும் வேகக் கணக்கில் பெரும் பிழையாகும். எனவே 60 பாகை அல்லது அதற்குக் குறைவான கோணத்தில் அளப்பது பரிசோதனைக்கூடங்களின் நடைமுறை.

ஒசாகாவும் சியாட்டிலும்

ரத்தக்குழாயின் உட்புறத்தைப் படமெடுக்க மருத்துவர்களுக்கு முதலில் கிடைத்த வழி ஆஞ்சியோகிராம். போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1927இல் மூளைத் தமனிகளை இம்முறையில் எக்ஸ்ரே படமாக்கினார். தமனிக்குள் மருந்து செலுத்த வேண்டியிருந்ததால் அதில் ஆபத்து இருந்தது. அடிக்கடி செய்யவும் இயலாது. 1954இல் லண்டன் மருத்துவர்கள் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகியோர் கழுத்துத் தமனியின் அடைப்பை அகற்றி மூளைக்கு ரத்த ஓட்டத்தை மீட்டது பற்றி எழுதினர். பக்கவாதத்தை அறுவை சிகிச்சையால் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்ததும், யாருக்கு அடைப்பு இருக்கிறது என்பதைத் தீங்கின்றிக் கண்டறியும் தேவை கூடியது.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகெயோ சடோமுரா 1950களின் நடுவில் மீயொலி டாப்ளர் முறையை மனித உடலில் பயன்படுத்தத் தொடங்கினார். இதயத்தின் அசைவைப் பற்றிய அவரது கட்டுரை 1957இல் வெளிவந்தது. 1959இல் கைகால் தமனிகளின் ரத்த ஓட்டத்தைத் தோலுக்கு வெளியிலிருந்தே அறியும் முறையை வெளியிட்டார். மருத்துவர் ஜிரோ கனேகோ அவருடன் பணியாற்றினார். சடோமுரா 1960இல் இளம் வயதிலேயே காலமானார்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இத்துறையின் மற்றொரு பிறப்பிடம். அங்கு ராபர்ட் ரஷ்மரின் ஆய்வுக்குழுவைச் சேர்ந்த டீன் பிராங்க்ளின், சிதறிவரும் மீயொலியின் டாப்ளர் மாற்றத்தைக் கொண்டு ரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை 1961இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். அதே பல்கலைக்கழகத்தின் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் யூஜின் ஸ்ட்ராண்ட்னஸ் இக்கருவியை நோயாளிகளின் கால்களில் வைத்துக் கேட்டார். நலமான கால் தமனியில் ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் மூன்று கட்ட ஒலி எழும்: இதயம் சுருங்கும்போது முன்னோக்கி ஒரு பாய்ச்சல், உடனே சற்றுப் பின்னோக்கி ஓர் ஓட்டம், மீண்டும் மெல்ல முன்னோக்கி. அடைப்புக்குக் கீழே இந்த ஏற்ற இறக்கம் மறைந்து, மந்தமான ஒற்றை ஒலியே கேட்கும். காதால் கேட்டே அடைப்பை ஊகிக்கும் இக்கலை 1960களின் பிற்பகுதியில் பரவியது.

ஒலியிலிருந்து படத்துக்கு

முதல் கருவிகள் இடைவிடாது ஒலியை அனுப்பியதால், ஒலிக்கற்றையின் பாதையிலுள்ள எல்லாக் குழாய்களின் ஒலியும் ஒன்றாகக் கலந்து வந்தது. எந்த ஆழத்திலிருந்து எதிரொலி வருகிறது என்பதைப் பிரித்தறிய, ஒலியைச் சிறுசிறு துடிப்புகளாக அனுப்பும் முறை 1960களின் இறுதியில் உருவானது. பிரான்சில் பெரோனோ, இங்கிலாந்தில் பீட்டர் வெல்ஸ், சியாட்டிலில் டொனால்ட் பேக்கர் ஆகியோர் தனித்தனியே இதைச் சாதித்தனர்.

துடிப்பு டாப்ளருக்கு ஆழம் தெரியும். ஆனால் அந்த ஆழத்தில் இருப்பது எந்தக் குழாய் என்பது தெரியாது. சியாட்டில் குழுவினர் கறுப்பு வெள்ளை மீயொலிப் படத்தையும் துடிப்பு டாப்ளரையும் ஒரே கருவியில் இணைத்து 1974இல் வெளியிட்டனர். டூப்ளெக்ஸ் எனப்படும் இம்முறையில், பரிசோதிப்பவர் திரையில் தமனியைப் பார்த்து, அதன் நடுவே சிறு அளவுக் குறியை வைத்து, அவ்விடத்தின் வேகத்தை மட்டும் அலைவரைபடமாகப் பெறலாம். இன்றைய பரிசோதனை முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது.

1980களில் வண்ணம் வந்தது. ஜப்பானில் கசாய், நமெகாவா உள்ளிட்டோர் உருவாக்கி 1985இல் விளக்கிய கணக்கீட்டு முறை, படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ரத்தத்தின் சராசரி வேகத்தை உடனுக்குடன் கணித்து நிறமாகத் தீட்ட வழிசெய்தது. புரோப்பை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிச் செல்லும் ஓட்டம் நீலம் என்பது பொது வழக்கம். சிவப்பு தமனியையும் நீலம் சிரையையும் குறிப்பதில்லை. புரோப்பின் சாய்வை மாற்றினால் அதே குழாயின் நிறமும் மாறும்.

கழுத்துத் தமனி

அகன்ற வாய்க்கால் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுப்பதுபோல, கொழுப்புப் படிவால் தமனி குறுகிய இடத்தில் ரத்தமும் வேகமெடுக்கிறது. ஆகவே வேகத்தை அளந்தால் குறுக்கத்தின் அளவை மதிப்பிடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த நாசெட் ஆய்வும், ஐரோப்பாவில் நடந்த ஆய்வும் 1991இல் முடிவுகளை வெளியிட்டன. அறிகுறி தோன்றிய நோயாளிகளில் கடுமையான குறுக்கம் உடையவர்களுக்கு அறுவை சிகிச்சை தெளிவாகப் பயன்தருவதாக அவை காட்டின. நாசெட் ஆய்வில் அந்த எல்லை 70 விழுக்காடு. அதன் பின் டாப்ளர் எண்கள் நேரடியாகச் சிகிச்சை முடிவைத் தொட்டன. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கூடமும் வெவ்வேறு எல்லைகளைப் பின்பற்றிவந்தது. இதைச் சீராக்க 2002இல் சான் பிரான்சிஸ்கோவில் வல்லுநர்கள் கூடினர். உட்கழுத்துத் தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குறுக்கம் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேல், 230க்கு மேல் இருந்தால் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என அவர்கள் வகுத்த அளவுகோல் 2003இல் வெளியாகிப் பரவலாகப் பயன்பட்டது. படத்தில் காணும் படிவையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அதன் பகுதி. காரணம், தமனி ஏறக்குறைய முழுவதும் அடைபட்ட நிலையில் ஓட்டமே குன்றி, வேகம் ஏமாற்றும் அளவுக்குக் குறைந்துவிடக்கூடும்.

கால் தமனிகளும் சிரைகளும்

கால் தமனி நோயைக் கண்டறியும் எளிய வழி, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவது. ஜேம்ஸ் யாவோவும் சகாக்களும் 1960களின் இறுதியில் லண்டனில் டாப்ளர் கொண்டு இதை முறைப்படுத்தினர். கணுக்காலுக்கு மேல் அழுத்தப் பட்டையைச் சுற்றி, பாதத் தமனியின் மேல் கூழ் தடவி, பேனா வடிவப் புரோப்பை வைப்பார்கள். பட்டையில் காற்றேற்றியதும் ஒலி நின்றுவிடும். மெல்லக் காற்றை இறக்கும்போது ஒலி மீண்டும் எழும் கணமே அக்காலின் அழுத்தம். கையில் 130, கணுக்காலில் 78 என்றால் விகிதம் 0.60. விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் தமனி நோய் உண்டு எனக் கொள்வர். 1.40க்கு மேல் போனால் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அழுத்த முடியாத நிலையில் உள்ளது என்று பொருள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளிடம் இது அடிக்கடி காணப்படுவதால், அவர்களுக்குக் கால் விரலின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருப்பதை அறியும் சோதனை இதைவிட எளிது. தொடை, முழங்கால் மடிப்பு ஆகிய இடங்களில் புரோப்பால் மெல்ல அழுத்தினால் நலமான சிரை முற்றிலும் அமுங்கி மறையும். அருகிலுள்ள தமனி வட்டமாகவே நிற்கும். உள்ளே உறைகட்டி இருந்தால் சிரை அமுங்காது. 1989இல் லென்சிங்கும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அறிகுறி உள்ளவர்களிடம் இந்த ஒற்றைச் சோதனை எவ்வளவு நம்பகமானது என்பதை நிறுவியது. சிரைக்குள் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. நரம்பு சுருட்டல் நோயில் வால்வு பழுதாகி ரத்தம் கீழ்நோக்கித் திரும்புவதையும், டயாலிசிஸுக்காகக் கையில் அமைக்கும் தமனி–சிரை இணைப்பு சரியாக ஓடுவதையும் டூப்ளெக்ஸ் காட்டுகிறது.

மூளையும் வயிறும்

மண்டையோடு மீயொலியைத் தடுக்கும் என்பதால் மூளைத் தமனிகள் நெடுங்காலம் எட்டாமல் இருந்தன. 1982இல் ரூன் ஆஸ்லிடும் சகாக்களும் 2 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு டாப்ளரை நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பு வழியே செலுத்தி அந்தத் தடையைக் கடந்தனர். இதன் பெரும்பயன் அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைகளுக்குக் கிடைத்தது. மூளைத் தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரை எட்டும் குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதத்தின் அபாயம் சுமார் 90 விழுக்காடு குறைவதாக ராபர்ட் ஆடம்ஸ் தலைமையிலான ஆய்வு 1998இல் காட்டியது.

வயிற்றுப் பெருந்தமனி 3 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் விரிந்தால் அது தமனி வீக்கம். அறிகுறியின்றி வளர்ந்து திடீரென வெடித்தால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். பிரிட்டனில் 65 முதல் 74 வயது வரையிலான சுமார் 67,800 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேரும் மரணம் நான்கு ஆண்டுகளில் 42 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கு 65 வயது ஆண்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் 2009இல் தொடங்கியது.

தமனிச் சுவரின் நலம்

அடைப்பு உருவாகும் முன்பே சுவரின் மாற்றத்தை அறியும் முயற்சியும் நடந்தது. இத்தாலியின் பாவ்லோ பிக்னோலி 1986இல், மீயொலிப் படத்தில் தெரியும் இரட்டைக் கோட்டின் இடைவெளி தமனிச் சுவரின் உள், நடு அடுக்குகளின் தடிமனோடு பொருந்துவதைக் காட்டினார். 1992இல் டேவிட் செலர்மேயரும் சகாக்களும் மற்றொரு வழியைக் கண்டனர். கையைச் சில நிமிடம் பட்டையால் இறுக்கி விடுவித்ததும் ரத்தம் வேகமாகப் பாயும்; நலமான உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தமனியை விரிக்கும். புகைப்பவர்களிடமும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் மிகுதி உள்ள குழந்தைகளிடமும் இந்த விரிவு குறைந்திருந்தது. இரு அளவீடுகளும் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவின. எனினும் தனிமனிதரின் அபாயத்தைக் கணிக்கச் சுவர்த் தடிமனை வாடிக்கையாக அளக்க வேண்டாம் என 2013இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகளின் வழிகாட்டி கூறியது. உருப்பெற்றுவிட்ட கொழுப்புப் படிவைத் தேடுவதற்கே இப்போது கூடுதல் மதிப்பு.

வரம்புகளும் அண்மை வளர்ச்சியும்

எலும்பும் குடலிலுள்ள காற்றும் மீயொலியை மறிக்கின்றன. சுண்ணாம்பு படிந்த சுவர் நிழல் வீழ்த்தி உட்புறத்தை மறைக்கிறது. பருத்த உடலில் ஆழமான குழாய்கள் தெளிவாகத் தெரிவதில்லை. முடிவு பரிசோதிப்பவரின் பயிற்சியைப் பெரிதும் சார்ந்திருப்பதால், கோணம், அளவிடம், எல்லை எண்கள் ஆகியவற்றைச் சீராகக் கடைப்பிடிப்பதும், பிற படமுறைகளோடு அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் தேவை. நுண்குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி எதிரொலியை வலுப்படுத்தும் முறையும், மெல்லிய குழலின் நுனியில் புரோப்பை வைத்து இதயத் தமனிக்கு உள்ளிருந்தே படமெடுக்கும் முறையும் சில குறைகளைக் களைந்துள்ளன. நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சியில் சுவரைச் சுற்றித் தெரியும் கரு வளையத்தை ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஷ்மிட் 1997இல் விவரித்தார். இன்று பல இடங்களில் அந்நோய்க்கு மீயொலியே முதல் சோதனை. நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும் அதிவேகக் கருவிகளால், முன்பு கண்ணுக்குப் புலப்படாத நுண்குழாய்களின் மெல்லிய ஓட்டத்தையும் அளக்க முடிகிறது.