நூலகரின் மாறிய பணி

கல்கத்தாவின் பெல்வடேர் மாளிகையில் 1953-ஆம் ஆண்டு தேசிய நூலகம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டே நிறைவேறிய சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே சேர வேண்டும். எஸ். வையாபுரிப் பிள்ளை சேகரித்த தமிழ் நூல்களும் அங்கேதான் உள்ளன. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அது சிறிய செல்வமன்று.

முன்னாளில் நூலகங்களில் இழுப்பறைகளில் அடுக்கிய நூலட்டைகளே வழிகாட்டின. உண்மையில், அட்டையைவிட நூலகரின் நினைவே பெரிது. நூலின் பெயரை நாம் பாதி மறந்து சொன்னாலும் அவர் எடுத்துத் தந்துவிடுவார். இன்று நூற்பட்டியல்களை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடுகிறோம். அந்த உரையாடல் அருகிவிட்டது. 'கல்கி' என்று கேட்டால் அவதாரமா, வார இதழா, ஆசிரியர் ரா. கிருஷ்ணமூர்த்தியா என்பதைப் பட்டியல் தானாக அறியாது. இவற்றைப் பிரித்தும் இணைத்தும் முன்கூட்டியே பதிந்து வைப்பது இன்று நூலகரின் தலையாய பணிகளுள் ஒன்று. முகப்பு மேசையில் நடந்த வேலை உள்ளறைக்குப் பெயர்ந்துள்ளது. அதற்குக் கணினிப் பயிற்சி மட்டும் போதாது, தமிழறிவும் வேண்டும். ரோமன் எழுத்தில் மட்டும் பதிவான நூலைத் தமிழ் எழுத்தில் தேடுவோருக்கு, அது அலமாரியில் இருந்தும், 'இல்லை' என்றே விடை வரக்கூடும்.